பயண வணிகர்களுக்கான காணொளிக் கருவிகள்: எதை முதலில் வாங்க வேண்டும்?

புதுதில்லி: தில்லி பிரகதி மைதானத்தில் ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 27 வரை நடைபெறும் இந்தியப் பன்னாட்டு வர்த்தகக் கண்காட்சி, ஹரியானாவின் சூரஜ்குண்டில் பிப்ரவரியில் நடைபெறும் கைவினைப் பொருள் மேளா போன்றவற்றுக்கு நாடெங்கிலும் இருந்து சிறு வணிகர்கள் சரக்குடன் செல்கின்றனர். அரங்கில் இருந்தே பொருள்களைக் காணொளியாகப் பதிவு செய்து வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாக விற்பதும் இன்று வணிகத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. ஆனால், சரக்கு வாங்க வேண்டிய பணத்தை விலை உயர்ந்த கேமராவில் முடக்குவோர், அதை இயக்கத் தெரியாமல் இழப்பைச் சந்திக்க நேரிடுகிறது. எனவே, வாங்கும் வரிசை முக்கியமானது.

ஒலியே முதற்செலவு

கையில் உள்ள ஸ்மார்ட்போனின் கேமராவே தொடக்கத்துக்குப் போதுமானது. படம் சற்று மங்கலாக இருந்தாலும் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். விலையும் விவரமும் காதில் விழாவிட்டால் அடுத்த காணொளிக்குச் சென்றுவிடுவார். கண்காட்சியின் இரைச்சலில் போனில் உள்ள மைக் சுற்றுப்புற ஒலியையும் சேர்த்தே பதிவு செய்யும். சட்டையில் பொருத்தும் சிறிய மைக் பேசுபவரின் வாய்க்கு அருகில் இருப்பதால் குரல் தெளிவாகக் கேட்கும். ஆகவே, முதலில் வாங்க வேண்டியது மைக். அடுத்து, எடை குறைந்த முக்காலி.

மூன்றாவது, ஒளி. மொராதாபாத் பித்தளைப் பாத்திரம் போன்ற பளபளப்பான பொருள்களின் மீது விளக்கை நேராகக் காட்டினால் வெண்புள்ளிகளே தெரியும். விளக்குக்கு முன்னால் மெல்லிய வெள்ளைத் துணியைப் பிடித்துப் பக்கவாட்டில் இருந்து ஒளி பாய்ச்சினால் வேலைப்பாடு தெளிவாகத் தெரியும். இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், அரங்க விளக்குகளின் கீழ் காட்சி மினுக்கினால், விநாடிக்கு 25 பிரேம், 1/50 ஷட்டர் வேகம் என மாற்றிப் பார்க்கலாம்.

பயணத்தில் கவனிக்க வேண்டியவை

விமானத்தில் பவர் பேங்க், உதிரி பேட்டரி ஆகியவற்றைக் கைப்பையில் மட்டுமே கொண்டு செல்ல வேண்டும். 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வாட்-மணி வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஏறத்தாழ 74 வாட்-மணி கொண்டது.

விலை உயர்ந்த கருவிகளுடன் வெளிநாட்டுக் கண்காட்சிக்குச் செல்வோர், வரிசை எண்களைக் குறிப்பிட்டு, புறப்படும் முன் சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் பெற்றுக்கொள்வது நல்லது. திரும்பும்போது அவற்றுக்குத் தீர்வை கேட்கப்படும் சிக்கலை இது தவிர்க்கும்.

ட்ரோன் விதிகள் 2021-இன்படி, 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனை வணிக நோக்கில் இயக்க விமானிச் சான்றிதழ் தேவை. வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியில் தடை விதிக்கப்பட்டதால், வெளிநாட்டில் இருந்து திரும்பும்போது ட்ரோன் வாங்கி வருவதைத் தவிர்க்க வேண்டும்.

பயிற்சியும் செலவும்

ஒரு பொருளை முழுமையாக, அருகில், பயன்படுத்தும் நிலையில் என மூன்று கோணங்களில் தலா 5 விநாடி எடுத்துப் பழகுவதே முதல் பாடம். ஒவ்வொரு காட்சியையும் கை அசையாமல் எடுத்து, ஒரு நிமிடத்துக்குள் விலை, அளவு, அனுப்பும் முறை ஆகியவற்றைச் சொல்லி முடிக்கப் பழக வேண்டும். படத்தொகுப்புக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். முறையாகக் கற்க விரும்புவோருக்கு, புணேயில் உள்ள இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்துகிறது.

விளம்பரக் காணொளியில் திரைப்படப் பாடலை உரிமம் இன்றிச் சேர்ப்பது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் நடவடிக்கைக்கு வழிவகுக்கலாம். வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் உள்ள இசையையே பயன்படுத்த வேண்டும்.

ஜிஎஸ்டி பதிவு பெற்ற வணிகர்கள், தொழிலுக்காக வாங்கும் கருவிக்குத் தங்கள் பதிவு எண்ணுடன் ரசீது பெற்றால், விதிகளுக்கு உட்பட்டு உள்ளீட்டு வரி வரவு கோரலாம். கேமரா தேவை என்று தோன்றினால், முதலில் ஒரு கண்காட்சிக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம். போனில் எடுத்த காணொளியைவிட அதனால் கூடுதல் விற்பனை கிடைத்தால் மட்டுமே சொந்தமாக வாங்குவது, கைமுதலைக் காக்கும் வழியாகும்.