ஸ்டோர் ரூம்ல வச்ச பெட்டி எங்கே?

ஊருக்குப் போயிட்டு வந்தா, அபார்ட்மெண்ட் ஸ்டோர் ரூம்ல வச்ச பெட்டிகளைக் காணோம். ‘குரூப்ல மெசேஜ் போட்டோமே, காயலான் கடைக்குப் போயிடுச்சு’ங்கறார் செக்ரெட்டரி. அவ்வளவுதானா?

இல்லை. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் இருக்கு. திருப்பித் தரணும்னு பேசி ஒரு பொருளை ஒப்படைச்சா, வாங்கினவங்க அதைத் தன் சொந்தப் பொருள் மாதிரி கவனமா பார்த்துக்கணும். இலவசமா வச்சிருந்தாலும் அதே அளவுதான்னு பிரிவு 151 சொல்லுது. தொலைஞ்சா, கவனமா இருந்தோம்னு நிரூபிக்க வேண்டியது அவங்க.

‘நீங்க டெனன்ட், ஓனரை வரச் சொல்லுங்க’ம்பாங்க. (இதைச் சொல்லாத அசோசியேஷனை நான் பார்த்ததில்லை.) ஒப்படைச்சது நீங்கதானே, நீங்களே கேட்கலாம்.

சிக்கல் ஆதாரத்துலதான். ரிஜிஸ்டர்ல உங்க பேர், சாவி அவங்க கையில – கேஸ் நிக்கும். யார்கிட்டயும் சொல்லாம படிக்கட்டுக்கு அடியில தள்ளி விட்டிருந்தா இந்தப் பிரிவை வச்சு வாதாடறது கஷ்டம். அதனால வைக்கும்போதே போட்டோ எடுத்து, எத்தனை பெட்டின்னு செக்ரெட்டரிக்கு ஒரு மெயில் தட்டிடுங்க.