வீடு வாங்கும்போது சாக்கு எடையைக் கழியுங்கள்

சென்ற மாதம் மந்தைவெளியில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் சங்க நண்பர் ஒருவர் சரக்கு எடுக்க வந்தார். பட்டியலைக் கொடுப்பதற்கு முன்பே, "அண்ணாச்சி, சாந்தோமில் ஒரு பிளாட் விலைக்கு வந்திருக்கு. பழசுதான், ஒரு கோடி சொல்றாங்க. உள்ளே ஒரு எட்டு லட்சம் போட்டுப் புதுசாக்கிட்டா, பின்னாடி விற்கும்போது அது பன்னிரண்டா திரும்பி வந்துடுமில்ல?" என்று கேட்டார்.

"அந்த வீட்டில் எத்தனை வருஷம் இருக்கப் போறீங்க?" என்று கேட்டோம். "அதை இன்னும் யோசிக்கலை" என்றார்.

அதை யோசிக்காமல் வாங்கி, நாங்களும் ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டவர்கள். 2011ஆம் ஆண்டு சாந்தோமிலேயே ஒரு பழைய அடுக்ககத்தில் வீடு வாங்கினோம். வாங்கிய சூட்டோடு ஃபால்ஸ் சீலிங், தேக்கு அலமாரிகள், பளபளக்கும் கல் தரை, புதுச் சமையலறை என்று ஏழு லட்ச ரூபாய் செலவழித்தோம். அந்தப் பணம் கடை முதலிலிருந்து எடுத்தது. அதனால் அந்தப் பருவத்தில் துவரையை ரொக்கத்துக்குப் பிடிக்க முடியாமல் தவணைக்கு வாங்கி வட்டி கட்டினோம். நான்கே ஆண்டில் குடும்பம் பெருகி, வீடு போதாமல் விற்க வேண்டி வந்தது. பார்க்க வந்தவர் அலமாரியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பிரிபடாத மனைப் பங்கு எத்தனை சதுர அடி? கட்டடத்துக்கு வயது என்ன? கார் நிறுத்த இடம் பத்திரத்தில் இருக்கிறதா?" என்று மூன்றே கேள்விதான் கேட்டார். ஏழு லட்சத்துக்கு அவர் விலையில் ஏழாயிரம்கூடச் சேர்க்கவில்லை.

நாம் மூட்டை வாங்கும்போது சாக்கு எடையைக் கழித்துத்தான் பணம் கொடுக்கிறோம். வீட்டு வியாபாரத்தில் மட்டும் சாக்கின் அழகைப் பார்த்து விலை பேசுகிறோம். இதுதான் நாம் செய்யும் தவறு.

மண் எது, கட்டடம் எது?

அடுக்ககத்தில் நாம் வாங்குவது இரண்டு பொருள். ஒன்று, மனையில் நமக்குள்ள பிரிபடாத பங்கு. மற்றொன்று, கட்டடம். கட்டடத்தின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு தேயும். விலை ஏறுகிறது என்று நாம் சொல்வது பெரும்பாலும் மண்ணின் விலையே. சாந்தோம், மயிலாப்பூர் பக்கங்களில் பழைய அடுக்ககங்களை இடித்துப் புதிதாகக் கட்டும்போது, ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்கைத் தீர்மானிப்பதில் இந்த மனைப் பங்குதான் முதலில் நிற்கும். 2024ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்கக உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்ய வழி உண்டு. ஆகவே 900 சதுர அடி வீட்டுக்கு மனைப் பங்கு 300 அடியா, 500 அடியா என்பதைக் கிரயப் பத்திரத்தில் பாருங்கள். ஒரே விலை சொல்லப்படும் இரண்டு வீடுகளில், தரை மின்னுவதைவிட மனைப் பங்கு கூடுதலாக உள்ளதே விற்கும்போது கைகொடுக்கும்.

எத்தனை ஆண்டு?

வாங்கி விற்பதற்கே ஒரு செலவு உண்டு. நம் மாநிலத்தில் கைமாறும் வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். (புதிதாகக் கட்டிய அடுக்ககத்தின் முதல் விற்பனைக்கு மட்டும், விலையைப் பொறுத்து 2023 டிசம்பர் முதல் சலுகை உண்டு.) ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு இதுவே 9 லட்சம். தரகு வாங்கும்போது ஒரு சதவீதம், விற்கும்போது ஒரு சதவீதம் என்று வைத்தால் மொத்தம் 11 லட்சம். மூன்று ஆண்டில் விற்றால் இது ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல் விழும். பதினொரு ஆண்டு இருந்தால் ஆண்டுக்கு ஒரு லட்சம்தான்.

நம் நண்பரின் எட்டு லட்சத்தையும் சேர்த்தால் 19 லட்சம். அதாவது, வீடு 1 கோடியே 19 லட்சத்துக்குப் போனால்தான் போட்ட பணம் கைக்கு வரும். அதற்கு மேல் வருவதுதான் லாபம். கடன் வட்டி இதில் சேரவில்லை.

வருமான வரியும் ஆண்டைப் பார்க்கிறது. வாங்கி 24 மாதத்துக்குள் விற்றால், லாபம் நம் மற்ற வருமானத்தோடு சேர்ந்து அந்த விகிதத்தில் வரி கட்ட வேண்டும். அதற்குமேல் வைத்திருந்தால் நீண்டகால லாபமாகி 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடானால், பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் கட்டும் முறையையும் தனிநபர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வீட்டை விரிவுபடுத்திய செலவுக்கு ரசீது இருந்தால் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். வெள்ளையடித்தது, சில்லறைப் பழுது பார்த்தது அதில் சேராது. ரசீதில்லாமல் கொடுத்த பணத்தைக் கணக்கில் காட்ட முடியாது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடற்காற்றுக்கு முன்னால் எது நிற்கும்?

சாந்தோமுக்கென்று ஒரு தனிக் கணக்கு உண்டு. உப்புக் காற்று ஜன்னல் கம்பியையும் ஏ.சி. வெளிப்பெட்டியையும் அரிக்கும். கான்கிரீட்டுக்குள் உப்பு இறங்கினால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து, துரு பருத்து, கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். ஆகவே வீடு பார்க்கப் போகும்போது பால்கனியின் அடிப்பக்கம், சன்ஷேடு, குளியலறைக் கூரை, மொட்டை மாடி ஆகியவற்றை முதலில் பாருங்கள். ஃபால்ஸ் சீலிங் போட்ட வீடானால் அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். மூட்டையின் மேல்வாயில் நல்ல பருப்பும் அடியில் சொத்தையும் வைப்பவர்கள் நம் தொழிலில் மட்டும் இல்லை.

செலவழிப்பதானால் மொட்டை மாடி ஒழுகாமல் தடுப்பது, மின்கம்பி மாற்றுவது, குழாய் மாற்றுவது, துருப்பிடித்த கம்பியைச் சரிசெய்வது ஆகியவை முதலில் வரட்டும். இவற்றால் விலை பெரிதாக ஏறாது. ஆனால் இவை இல்லாவிட்டால் வருபவர் விலையை அடித்துக் கேட்பார். அலமாரியும் விளக்கும் நம் ஆசைக்குச் செய்வது. அதைத் தவறென்று சொல்லவில்லை. பத்தாண்டு அனுபவிக்கப் போகிறவர் தாராளமாகச் செய்யலாம். அனுபவித்தது வரவு, விற்கும்போது அது பூஜ்யம் என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

"மேலே ஒரு மாடி எழுப்பிக்கொள்ளலாம்" என்ற வாய்ச்சொல்லுக்கும் விலை கொடுக்காதீர்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்துக்கு 1991 முதல் கடலோர ஒழுங்குமுறை விதிகள் உண்டு. அனுமதியைத் தாளில் பார்த்த பிறகே அது சரக்கு. அதுபோல் கச்சேரி சாலையில் மெட்ரோ நிலையம் அமைவதைத் தரகர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் விற்பவருக்கும் அது தெரியும் என்பதால் அவர் சொல்லும் விலையிலேயே அது ஏறியிருக்கும்.

கடை முதல்

எட்டு லட்சம் கடையில் சரக்காக இருந்து, மாதம் ஒரு சுற்றுச் சுற்றி, சுற்றுக்கு 2 சதவீதம் நின்றாலே மாதம் 16,000 ரூபாய். சுவரில் பதித்த பணம் சுற்றாது. மாதச் சம்பளக்காரருக்கு இந்த நஷ்டம் இல்லை, நமக்கு உண்டு. வீட்டுக்குக் கடை முதலில் கைவைத்தால், சரக்கு மலிந்த பருவத்தில் வாங்க முடியாமல் வேடிக்கை பார்க்க நேரும். நாங்கள் பார்த்தோம்.

நண்பர் மறுவாரம் வந்தார். மகன் பள்ளிப் படிப்பு முடியும் வரை, பத்து வருஷமாவது அங்கேதான் இருக்கப் போவதாகச் சொன்னார். அப்படியானால் வாங்குங்கள் என்றோம். தாய்ப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வழக்கறிஞரிடமும், கட்டடத்தை ஒரு பொறியாளரிடமும் காட்டச் சொன்னோம். எட்டு லட்சத்தில் மூன்று லட்சத்தை மின்கம்பிக்கும் குழாய்க்கும் ஒழுகலுக்கும் ஒதுக்கிவிட்டு, மீதி ஐந்தைக் கடையிலேயே விடச் சொன்னோம். அலமாரியை, கடை லாபத்தில் ஒவ்வொன்றாகச் செய்துகொள்ளலாம்.

"வீட்டுக்காரம்மா சமையலறையை மட்டும் விட மாட்டேங்கறா, அண்ணாச்சி" என்றார். தினம் மூன்று வேளை நிற்கும் இடம் அது. அதற்கு மட்டும் தாராளமாகச் செலவழியுங்கள் என்று சொல்லி அனுப்பினோம்.