கச்சான் ஓய்ந்து வாடை எழும் வாரங்கள்

பன்வில பஸ் தரிப்பிடத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோதுதான் அந்த அக்காவுடன் கதைக்கக் கிடைத்தது. மடியில் ஒரு கருவாட்டுப் பொதி இருந்தது. மழை ஓய்ந்ததும் அவர் நக்கிள்ஸ் மலைப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். நாட்கணக்காக மேற்கிலிருந்து கிழக்காக ஓடிக்கொண்டிருந்த முகில் அன்று மலையுச்சியில் அசையாமல் நின்றது.

"கச்சான் சளைச்சுப் போச்சு தங்கச்சி. இனி எங்க ஊருக் கடல் திரும்பும்" என்றார்.

தேயிலை மலைக்கு நடுவே நின்று கடலைப் பற்றிக் கதைக்கிறாரே என்று எனக்கு வியப்பு. அவர் பிறந்தது பன்விலப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில். 1977 கலவரத்தின்பின் பெற்றோர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வன்னிக்குப் போனபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. மலையகத்திலிருந்து அப்படிப் போய் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காடுகளில் குடியேறிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. இவர் முல்லைத்தீவுக் கரையோரத்தில் வாழ்க்கைப்பட்டார். கணவரை யுத்தம் கொண்டுபோனது. 2009 இல் மெனிக் பாம் முகாம், பிறகு மீள்குடியேற்றம், இப்போது முதுமையில் பன்விலையில் தங்கை வீடு. மகள் மட்டும் கடற்கரையில் இருக்கிறாள். அவளும் இரண்டு பிள்ளைகளோடு குடும்பத்தைத் தனியே சுமப்பவள்தான்.

அந்த மகள் வள்ளத்துக்கு இயந்திரம் வாங்கக் கடன் எடுக்கப் போகிறாளாம். வாரத் தவணை. "இந்த மாசம் எடுத்தா எந்தக் கடல்ல உழைச்சுக் கட்டுவா? நீங்க பத்திரிகைக்கு எழுதுறவங்க தானே, இதை எழுதுங்க. என் பேரு வேணாம்" என்றார்.

எழுதுகிறேன். இவ்விதழ் உங்கள் கைக்குக் கிட்டும்போது புரட்டாதி முடிந்து ஐப்பசி பிறக்கும் தறுவாயாக இருக்கும். எமது வாசக சகோதரிகளில் கணிசமானோர் வடக்கு, கிழக்குக் கரையோரத்தவர். இனி வரும் ஏழெட்டு வாரங்களில் காற்றும் அலையும் எப்படி நடந்துகொள்ளும் என்பது அவர்களது அடுப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விடயம்.

மலை வாங்கிய மழை, கடல் வாங்கிய காற்று

கச்சான் என்றதும் வறுத்த கடலையை நினைக்க வேண்டாம். மட்டக்களப்பு, திருகோணமலை, முல்லைத்தீவு மக்கள் மேற்கிலிருந்து வரும் வெப்பக் காற்றுக்கு வைத்த பெயர் அது. யாழ்ப்பாணத்தார் இன்னும் நுணுக்கமானவர்கள். தெற்கிலும் தென்மேற்கிலுமிருந்து வீசுவதைச் சோளகம் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கச்சான் என்றும் பிரித்துச் சொல்வார்கள்.

வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடல் ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து மலைநாட்டில் மோதுகிறது. மேலே ஏற ஏறக் குளிர்ந்து, சுமையை மழையாக இறக்கிவிடுகிறது. பன்விலையும் மடுல்கலையும் நனைவது அப்போதுதான். மலையைக் கடந்து மறுபுறம் இறங்கும்போது அக்காற்றில் ஈரம் குறைந்துபோயிருக்கும். நூறு மீற்றர் இறங்கினால் ஏறத்தாழ ஒரு பாகை செல்சியஸ் சூடேறும். மட்டக்களப்பு வாசலில் உதட்டை வெடிக்கவைக்கும் காற்று, பன்விலையில் கொழுந்துக் கூடையை நனைத்துவிட்டு வந்த அதே காற்றுத்தான். ஆகவே மலையில் முகில் நின்றுவிட்டது என்று அக்கா சொன்னது வெறும் வாய்ப்பேச்சல்ல.

தண்ணீரும் அதே திசையில்தான் போகிறது. பன்விலைப் பக்கத்து மழையைச் சேர்த்துக்கொள்ளும் ஹுலு கங்கை, விக்டோரியா நீர்த்தேக்கத்தில் மகாவலியோடு கலந்து, மூதூர் அருகே கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது.

கச்சான் காலத்தில் கிழக்குக் கடல், குறிப்பாகக் காலை வேளையில், தகடுபோலக் கிடக்கும். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையருகே அலை எழும்ப இடமில்லை. பங்குனி, சித்திரையில் தொடங்கும் கரைவலைத் தொழில் புரட்டாதி வரை நடப்பது இதனால்தான். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் தங்கள் கடல் கொந்தளிக்கும் அம்மாதங்களில் கிழக்கே வந்து வாடி அமைப்பதும் இதனால்தான். அறுகம்குடாவுக்கு வெளிநாட்டார் பலகையோடு வருவதும் அதே கணக்கில்தான். தெற்கே வெகுதொலைவிலுள்ள பெருங்கடலிலிருந்து வரும் நீண்ட அலையை, கரையிலிருந்து வீசும் காற்று நிமிர்த்திப் பிடிக்கும். ஐப்பசியோடு அவர்களும் மூட்டைகட்டி ஹிக்கடுவ, வெலிகம பக்கம் போய்விடுவார்கள். அந்த அறுகம்குடாவில் 2018 இல் உள்ளூர்ப் பெண்கள் தமக்கென ஓர் அலைச்சறுக்குக் கழகம் தொடங்கினார்கள். கடல் ஆண்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதைச் சொல்ல எத்தனையோ வழிகள்.

ஒன்றை மறக்கக்கூடாது. கச்சான் கடல் அமைதியானது, ஆனால் அன்பானதல்ல. இயந்திரம் நின்ற வள்ளத்தை அது கரைக்குத் தள்ளாது. வங்காள விரிகுடாவுக்குள் கொண்டுபோகும்.

ஐப்பசியை நம்பாதீர்கள்

வளிமண்டலவியல் திணைக்களம் ஒக்டோபர், நவம்பர் மாதங்களை இரண்டாம் இடைப்பருவக் காலம் என்று வகுத்துள்ளது. வடகீழ்ப் பருவமழை டிசெம்பரில் தொடங்குவதாகவே அதன் கணக்கு. எனக்குத் தெரிந்தவரை கரையோரப் பெண்களை ஏமாற்றும் மாதங்கள் இந்த இடைப்பட்டவைதான். மார்கழிக் கடலைப் பார்த்தவுடன் எவருக்கும் பயம் வரும், வீட்டில் இருந்துவிடுவார்கள். ஐப்பசிக் கடல் காலையில் சிரிக்கும்.

கச்சான் ஓய்ந்துவிட்டது, வாடை இன்னும் எழவில்லை. காற்றுக்கு ஓர் எசமான் இல்லாத காலம். விடியற்காலையில் தரைக்காற்று மெல்ல வீசும், கடல் பளிங்குபோல இருக்கும். பத்து, பதினொரு மணிக்குக் கடற்காற்று உட்புகும். நண்பகல் கடந்ததும் நிலப்பக்கம் கருமுகில் கோபுரம் கட்டும். மாலையில் இடி, மின்னல். அந்த முகிலின் அடியிலிருந்து திடீரெனக் குளிர்காற்று பாய்ந்து வந்தால், கரைக்கு வந்துகொண்டிருக்கும் சிறிய வள்ளத்தைப் புரட்ட அதுவே போதும். காலைக் கடலைப் பார்த்து மாலையைத் தீர்மானிக்க வேண்டாம். காயப்போட்ட கருவாட்டை இரண்டு மணிக்குமுன் அள்ளிவிடுங்கள். இடி கேட்டபின் வெட்டைக் கடற்கரையில் நிற்பதும், தனித்த பனையின் கீழ் ஒதுங்குவதும் ஆபத்து.

வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகத் தொடங்குவதும் இக்காலத்தில்தான். 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை வயதானவர்கள் இன்றும் ஆண்டுக் கணக்காகவே பாவிக்கிறார்கள். "சூறாவளிக்கு முந்தின வருசம்" என்பார்கள். அதில் இறந்தோர் 900 க்கும் மேல். 2000 டிசெம்பர் 26 இல் திருகோணமலை, 2020 டிசெம்பர் தொடக்கத்தில் மீண்டும் திருகோணமலைக்கு வடக்கே புரெவி. எல்லாம் இந்தப் பருவத்தின் பிள்ளைகள்.

இதில் பெண்கள் தாமே கற்றுக்கொள்ளக்கூடிய ஓர் அடையாளம் உண்டு. புயலொன்று பொதுவாக மணிக்குப் பத்து, இருபது கிலோமீற்றர் வேகத்தில்தான் நகரும். ஆனால் அது கிளப்பிவிடும் நீண்ட அலை மணிக்கு முப்பது கிலோமீற்றருக்கும் மேலாக ஓடிவரும். ஆகவே காற்றுக்கு ஒரு நாள், சிலவேளை இரண்டு நாள் முன்னரே அலை வந்து கதவைத் தட்டிவிடும். கரையில் நின்று ஓர் அலை உடைவதிலிருந்து பத்து அலைகளை மணிக்கூட்டைப் பார்த்து எண்ணுங்கள். பத்து அலைக்கு ஐம்பது, அறுபது வினாடி என்றால் அது அருகிலுள்ள காற்று எழுப்பிய அலை. காற்றே இல்லாத நாளில் பத்து அலைக்கு நூறு, நூற்றிருபது வினாடி ஆகி, ஒவ்வொன்றும் கனமாக விழுந்தால், எங்கோ தொலைவில் கடல் கலங்கியிருக்கிறது. எல்லா நீண்ட அலையும் புயலின் தூதல்ல. தென்கடலின் சாதாரண அலையும் அப்படி வரலாம். ஆனால் அன்றைக்கு வானொலி வானிலை அறிக்கையைக் கேட்காமல் வள்ளத்தை விடவேண்டாம். 117 என்ற இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தைக் கேட்கலாம். அழைப்பதற்கு நீங்கள் வள்ளக்காரியாக இருக்க வேண்டியதில்லை.

இந்த எண்ணும் வித்தை எம் பாட்டிமாருக்குப் புதிதல்ல. யுத்த காலத்தில் கடலுக்குப் போகத் தடை, பிறகு இடப்பெயர்வு, பிறகு முகாம். அப்படி வளர்ந்த ஒரு தலைமுறைக்குக் காற்றைப் படிக்கச் சொல்லித்தர ஆளில்லாமல் போனது. சொல்லித்தர வேண்டிய தகப்பனும் பல வீடுகளில் இல்லை.

சுனாமியையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 2004 டிசெம்பர் 26 இல் வந்தது கடலடி நிலநடுக்கத்தால் வந்தது. காற்றுக்கும் பருவத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மார்கழி அலைச் சத்தத்தில் இரவு நித்திரை வராத சகோதரிகள் பலரை எனக்குத் தெரியும். சத்தம் வாடையினுடையது, அது ஆண்டுதோறும் வந்து, ஆண்டுதோறும் போகும்.

வாடைக் கடலும் களப்பு வாயும்

கார்த்திகையில் காற்று வடகிழக்கில் நிலைகொண்டதும் திரை கரையை நேராக அடிக்கும். மணற்கரை செங்குத்தாக அறுபடும். புட்டியாகக் கிடந்த மணல் கடலுக்குள் போய் வரம்பாகப் படியும். அந்த வரம்பின் வெட்டுகளினூடாகத் தண்ணீர் கடலுக்குத் திரும்பும் இடங்களில்தான் இழுப்பு உண்டாகிறது. இரண்டு பக்கமும் வெள்ளைத் திரை உடைய, நடுவில் ஓரிடம் மட்டும் உடையாமல் கலங்கலாகக் கிடந்தால், பிள்ளைகள் இறங்க விரும்புவது அங்கேதான். இழுபட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைக்கக்கூடாது. கரைக்குச் சமாந்தரமாகச் சிறிது தூரம் நீந்தினால் இழுப்பிலிருந்து விலகலாம். நீந்தத் தெரியாத தாய் பின்னால் குதிப்பதைவிட, வெறும் பிளாஸ்டிக் கலனொன்றை வீசுவதே பிள்ளையைக் காப்பாற்றும்.

கடல் மூடினால் களப்பு இருக்கிறது. மழை வெள்ளம் இறங்கக் களப்புகளில் இறால் படும். அதேநேரம் களப்பு வாய் கடலுக்கு வெட்டுப்படும்போது நீரின் வேகம் ஆற்றை மிஞ்சும். வட்டுவாகல் என்ற பெயரை எம்மில் பலரால் இன்றும் சாதாரணமாகச் சொல்ல முடியாது. ஆனாலும் நந்திக்கடலில் இறங்கி உழைக்க வேண்டிய பெண்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது: வாய் திறந்த நாட்களில் பாலத்தையொட்டி இறங்காதீர்கள், தனியே இறங்காதீர்கள்.

மலையிலிருப்போர் கடற்காற்றுத் தமக்கு வேண்டாத கதை என்று நினைத்திருந்தால், 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா அந்த எண்ணத்தைத் துடைத்துவிட்டது. கிழக்குக் கரையால் ஏறிய புயல் அது. நாடு முழுவதும் 600 க்கும் அதிகமானோரைக் கொன்றது. அவர்களில் பெரும்பகுதியினர் கடலில் அல்ல, கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்ணின் கீழ் இறந்தார்கள். நக்கிள்ஸ் மலை இரண்டு பருவக்காற்றுக்கும் முகங்கொடுப்பது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழைக்கு விழிப்பு, 100 க்கு ஆயத்தம், 150 க்கு வெளியேற்றம் என்ற அளவுகளை வைத்திருக்கிறது. நேரான பக்கமுள்ள ஒரு பால்மாப் பேணியைத் திறந்த வெளியில் வைத்து, பிள்ளையின் அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். ஏழரைச் சென்ரிமீற்றர் நிறைந்தால் லயத்துக்குப் பின்னாலுள்ள மண்மேட்டைப் பார்க்க வேண்டிய நேரம்.

கடன் எடுக்கும் மாதம்

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். ஐப்பசியில் எடுத்த இயந்திரக் கடனுக்குக் கார்த்திகை, மார்கழி, தை என மூன்று மாதம், ஏறத்தாழ பன்னிரண்டு வாரத் தவணை, கடல் தராத பணத்தில் கட்ட வேண்டும். முதல் கடனை அடைக்க இரண்டாவது கடன் பிறப்பது அங்கேதான். கடன் கொடுப்பவர் கண்டியிலோ கொழும்பிலோ இருந்து நாட்காட்டியைப் பார்க்கிறார். அதில் வாடை குறிக்கப்பட்டிருக்காது. ஆகவே குறிக்க வேண்டியவர் நீங்கள். கையொப்பமிடுமுன், தவணை பங்குனியில் தொடங்குமா என்று கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மாசிவரை பொறுத்திருப்பதில் நட்டமில்லை. இயந்திரம் அதுவரை வீட்டு மூலையில்தான் கிடக்கப்போகிறது. இப்போது பணம் வேண்டுமென்றால், இந்த இடைப்பட்ட வாரங்களில் படும் மீனை வாங்கி, உப்பைக் கூடுதலாகச் சேர்த்து, மணலில் அல்லாமல் உயரப் பரண் கட்டிக் காயவைத்து, ஈரம் புகாமல் பொதிசெய்து வைக்கலாம். வாடை எழுந்தபின் பன்விலைக் கடையில் கருவாட்டு விலை ஏறுவதை அக்கா ஆண்டுதோறும் பார்த்திருக்கிறார்.

இதையெல்லாம் எழுதிமுடித்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். அலை எண்ணும் இடத்தில் நிறுத்தச் சொல்லி மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். மகள் கரைக்குப் போய், காற்றுச் சத்தத்துக்கு நடுவே எண்ணிச் சொன்னாள். பத்து அலைக்கு ஐம்பத்தைந்து வினாடி.

"பக்கத்துக் காத்துத்தான், பயமில்ல" என்றார் அக்கா. பிறகு, "பரணுக்குக் கம்பு வெட்டிட்டியா?" என்று கேட்டார்.