மொரிஸ் மைனரும் மாற்றுக் கியர்ப்பெட்டியும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் கிழக்குப் புறத்தை எழுவான்கரை என்றும் மேற்குப் புறத்தைப் படுவான்கரை என்றும் அப்பகுதி மக்கள் வழங்குவர். இவ்விரு கரைகளின் வீதிகளிலும், யப்பானிய வண்டிகளுக்கும் மோட்டார்ச் சைக்கிள்களுக்கும் இடையே, முட்டையை நீளவாக்கிற் பிளந்து கவிழ்த்தாற் போன்ற மொரிஸ் மைனர் வண்டியொன்று இடைக்கிடை தோன்றுவதுண்டு. வெளித்தோற்றத்தில் அது 1950களின் வண்டியே. ஆனால், முன்மூடியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பது இங்கிலாந்து இயந்திரமாக இருக்கும் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. நிசானோ டொயோட்டாவோ அங்கே குடிபுகுந்திருக்கலாம். அவ்வாறு குடிபுகுந்த இயந்திரத்தையும் வண்டியின் சில்லுகளையும் தொடர்புபடுத்தும் கியர்ப்பெட்டி எவ்வாறு பொருத்தப்பட்டது என்பதிலேயே அவ்வண்டியின் ஆயுள் தங்கியிருக்கின்றது.

மாற்று இயந்திரம் பொருத்துவதை மூலப்பொருளுக்குச் செய்யும் துரோகமாகக் கருதுவோர் உளர். அவர்கள் மொரிஸ் மைனரின் வரலாற்றைச் சற்று நோக்குதல் நன்று. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த இவ்வண்டி 1948ஆம் ஆண்டு வெளிவந்தது. இருபுறமும் இரண்டிரண்டாக உருளைகள் படுத்திருக்கும் அகன்ற இயந்திரம் ஒன்றையே அவர் முதலில் எண்ணியிருந்தார். அது கைவிடப்பட்டு, 918 கன சென்ரிமீற்றர் கொண்ட பழைய பக்கவால்வு இயந்திரம் அங்கே வைக்கப்பட்டது. 1952இல் மொரிஸ் நிறுவனமும் ஒஸ்டின் நிறுவனமும் ஒன்றிணைந்தன. அதன் விளைவாக ஒஸ்டினின் 803 கன சென்ரிமீற்றர் இயந்திரமும் அதற்குரிய கியர்ப்பெட்டியும் மைனருக்கு வந்து சேர்ந்தன. பின்னர் 1956இல் 948, 1962இல் 1098 என இயந்திரம் வளர்ந்தது. ஆகவே, ஒரு வண்டிக்கு வேறொரு வண்டியின் இயந்திரத்தைப் பொருத்தும் வேலையைத் தொடங்கி வைத்தவர்கள் அதனை ஆக்கியவர்களேயாவர். கைவிடப்பட்ட அகன்ற இயந்திரத்துக்கென விடப்பட்ட இடம் இன்று யப்பானிய இயந்திரங்களுக்கு வசதியாக அமைந்திருப்பது தற்செயலான பேறு.

நிசான் வந்த வழியும் விந்தையானது. 1952 டிசம்பரில் ஒஸ்டின் நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்துகொண்ட நிசான், ஒஸ்டின் ஏ40 வண்டிகளை யப்பானிற் பொருத்தி விற்கத் தொடங்கிற்று. மாணாக்கன் ஆசிரியனை விஞ்ச அதிக காலம் செல்லவில்லை. 1970இல் வெளிவந்த டட்சன் சனி 1200 வண்டியின் 1171 கன சென்ரிமீற்றர் இயந்திரம் ஏறத்தாழ 68 குதிரைவலு தருவது. 803 கன சென்ரிமீற்றர் மைனர் தந்ததோ 30 குதிரைவலுவே. 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் யப்பானிய வண்டிகள் இலங்கையிற் பெருகின. அவற்றின் உதிரிப்பாகங்களும் பெருகின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்படும்வரை, பழைய வண்டியைப் பேணி ஓட்டுவது பலருக்குப் பொழுதுபோக்காக அன்றி வேறு வழியின்மையாக இருந்தது.

இம்மாற்றத்தைச் செய்வதற்கு மூன்று வழிகள் உண்டு. இயந்திரத்தையும் அதற்குரிய கியர்ப்பெட்டியையும் சேர்த்தே மாற்றிவிடலாம். பழைய கியர்ப்பெட்டியை வைத்துக்கொண்டு இயந்திரத்தை மட்டும் மாற்றலாம். அன்றி, பழைய இயந்திரத்துக்கே ஐந்து கியர் கொண்ட புதிய பெட்டியைப் பூட்டலாம். மூன்றாவது வழி இங்கிலாந்தில் மிகவும் பரவியுள்ளது. அங்கே 1980களின் ஃபோர்ட் சியரா வண்டியின் ஐந்து கியர்ப் பெட்டியை மைனரின் இயந்திரத்துடன் பொருத்துவதற்கான உறுப்புகள் ஆயத்தமாகவே விற்பனைக்குக் கிடைக்கின்றன. இரண்டாவது வழியே மூன்றிலும் இளைத்தது. 30 குதிரைவலுவைத் தாங்குவதற்கென ஆக்கப்பட்டு, அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தேய்ந்த பற்சில்லுகளின் மீது அதன் இரு மடங்கு வலுவைச் சுமத்துவது பொருளாதாரமன்று. பெட்டி மலிவாகக் கையிலிருக்கின்றது என்பது ஒரு காரணமாகாது.

இனி, இணைப்பு என்பது யாது? இயந்திரத்தின் கிராங் தண்டு பின்புறத்தில் ஒரு கனத்த சில்லோடு முடிகின்றது. அதனைப் பிளைவீல் என்பர். அதன் முகத்தோடு கிளச் தட்டு அழுந்தி நிற்கும். கியர்ப்பெட்டியிலிருந்து முன்னோக்கி நீளும் தண்டு அத்தட்டின் நடுத்துளையினூடாகச் சென்று, தன் மூக்கு நுனியைக் கிராங் தண்டின் நடுவிலுள்ள சிறிய வெண்கலப் புதையில் ஊன்றிக்கொள்ளும். இவற்றையெல்லாம் மூடி, இயந்திரத்தையும் பெட்டியையும் ஓருடலாக்குவது மணி போன்ற வடிவுடைய உறை. ஒரு நிறுவனத்தின் உறையில் உள்ள துளைகள் மற்றொரு நிறுவனத்தின் இயந்திரத்திலுள்ள துளைகளோடு பொருந்தா. எனவே, இரண்டு வகைத் துளைகளும் கொண்ட தடித்த இடைத்தகடு ஒன்று நடுவே வைக்கப்படுகின்றது. மைனரின் இயந்திரத்துக்குப் பின்னால் ஓர் உருக்குத் தகடு இயல்பாகவே உண்டு; அதன் இடத்தில் இப்புதிய தகடு அமரும்.

தகடு வெட்டுவது எளிது. துளையிடுவதும் எளிது. தகட்டை உறையோடு பொருத்திச் சுரையாணிகளை முடுக்கியதும் வேலை முடிந்தது என்று எண்ணுவதிலேயே பெரும்பாலான கேடுகள் தொடங்குகின்றன. சுரையாணி இறுக்கிப் பிடிப்பதற்கு மட்டும் உரியது. இடத்தைக் குறிப்பதற்கு உரியதன்று. துளை ஆணியைவிடச் சற்று அகன்றதாதலால், முடுக்கும்போது உறை ஒரு மயிரளவு இப்புறமோ அப்புறமோ நகரும். அதனைத் தடுப்பவை, துளைக்குள் இடைவெளியின்றி இறுகி நிற்கும் இரண்டு வழிப்படுத்து முளைகள். தொழிற்சாலையில் ஆக்கப்பட்ட ஒவ்வோர் இயந்திரத்திலும் அவை உள்ளன. ஊர்க் கராஜில் ஆக்கப்பட்ட தகடுகள் பலவற்றில் அவை இல்லை.

கிராங் தண்டின் மையமும் கியர்ப்பெட்டித் தண்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்றல் வேண்டும். அனுமதிக்கத்தக்க விலகல், பொதுவாகக் கொள்ளப்படும் அளவின்படி, அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்கு. பயிற்சிக் கொப்பித் தாள் ஒன்றின் தடிப்பைவிடச் சற்றே கூடியது. கண்ணால் இதனை அறிய இயலாது. முள் சுழலும் அளவுமானி ஒன்றைப் பிளைவீலின் முகத்தில் நிறுத்தி, அதன் நுனி உறையின் நடுத்துளை விளிம்பைத் தொடுமாறு வைத்து, கிராங் தண்டைக் கையால் ஒரு முழுச்சுற்றுச் சுற்றவேண்டும். முள் காட்டும் மிகக் கூடிய அளவுக்கும் மிகக் குறைந்த அளவுக்கும் உள்ள வேறுபாட்டிற் பாதியே மையத்தின் விலகல். விலகல் மிகுந்திருந்தால், உறையை மெல்லத் தட்டிச் சரிப்படுத்தி, அந்நிலையிலேயே புதிய முளைகளுக்குத் துளையிடவேண்டும். அரை நாள் வேலை இது. இதனைத் தவிர்த்தால், முன் தாங்கி முதலிற் கரகரக்கும். பின்பு கிளச் முற்றாக விடாமல் கியர் இடறும். கிளச் தட்டின் நடுப்பகுதி வெடிக்கவும் கூடும். அது, கொக்கட்டிச்சோலைக்கு அப்பால், இரவு வேளையில், உதவி எட்டாத வயல்வெளி வீதியில் நிகழலாம்.

மையத்துக்கு அடுத்தது நீளம். இடைத்தகடு 12 மில்லிமீற்றர் தடிப்பானால், கியர்ப்பெட்டியும் அவ்வளவு பின்னுக்குப் போகும். தண்டின் மூக்கு வெண்கலப் புதையை எட்டாமல் நிற்கும். அப்போது நீண்ட புதை ஒன்றைக் கடைந்து இடவேண்டும். மாறாக, தண்டு நீண்டதாகிக் கிராங் தண்டை முட்டினால் விளைவு இன்னும் கொடியது. முடுக்கப்பட்ட சுரையாணிகளின் விசை முழுவதும் கிராங் தண்டை முன்தள்ளி, இயந்திரத்தினுள் இருக்கும் உந்துவளையங்களைச் சில நூறு கிலோமீற்றருக்குள் தின்றுவிடும். கிளச் தட்டும் கலப்புப் பிறவியாகவே அமையும். அதன் வெளிவட்டம் பிளைவீலுக்கும் அழுத்துதட்டுக்கும் பொருந்தவேண்டும். நடுத்துளையின் தவாளிப்புகளோ கியர்ப்பெட்டித் தண்டின் தவாளிப்புகளை ஒத்திருத்தல் வேண்டும். ஒன்றின் நடுப்பகுதியை மற்றொன்றின் தட்டில் ஆணியறைந்து ஆக்குவோர் உளர். அளவும் தவாளிப்பும் ஒருங்கே பொருந்தும் தட்டை வேறொரு வண்டியின் உதிரிப்பாகங்களில் தேடுவதே மேலானது. மைனரின் கிளச்சோ முதலில் ஆறேகால் அங்குலமும் 1098 இயந்திரத்தில் ஏழேகால் அங்குலமுமாக இருந்தது. வலு கூடுமிடத்துத் தட்டும் பெருக்கவேண்டும் என்பதை ஆக்கியவர்களே காட்டியுள்ளனர்.

மைனரின் அடிப்பகுதியில் கைவைப்போர் அஞ்சவேண்டிய இடம் ஒன்று உண்டு. கியர்ப்பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டமே முன்சில்லுகளின் முறுக்குக் கம்பிகளுக்கும் பின் பிடிப்பாகும். புதிய பெட்டி அகன்றதென்று அச்சட்டத்தை வெட்டி நீக்குவது, வீட்டின் நடுத்தூணை அலுமாரிக்காக அறுப்பது போன்றது. சட்டத்தை மாற்றியமைக்க நேர்ந்தால், அதற்கீடான வலிமையுள்ள சட்டத்தை முதலிற் பொருத்திய பின்னரே வெட்டவேண்டும். தடுப்பு எண்ணெய் உருளையும் ஓட்டுநரின் காலடித் தளத்தின் கீழேயே உள்ளதாதலால், கிளச் நெம்புக்கு இடம் தேடுவோர் அதனையும் கருத்திற்கொள்ளவேண்டும்.

இவ்வளவும் சரியாக அமைந்தும் வண்டி ஓட்டத்தில் இன்பம் தராமற் போகலாம். அதற்குக் காரணம் விகிதம். 803 மைனரின் பின்அச்சில், புரொப்பெல்லர் தண்டு 5.375 முறை சுழல, சில்லு ஒருமுறை சுழலும். 60 கிலோமீற்றர் வேகத்தில் இயந்திரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2900 சுழற்சி செய்யும். 948 வண்டியின் 4.55 விகித அச்சில் அது 2450 ஆகக் குறையும். ஐந்தாம் கியர் 0.82 எனின், அதே வேகத்துக்கு 2000 சுழற்சியே போதும். மண்முனையில் பாதை எனப்படும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்த வண்டிகள், 2014இல் பாலம் திறக்கப்பட்டபின் நிற்காமலே கடக்கின்றன. எழுவான்கரை வீதியோ ஏற்றமே அறியாதது. இத்தகைய சமநிலத்தில் ஐந்தாம் கியர் எரிபொருளையும் காதையும் காக்கும். ஆயின், செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை, லுணுகலை வழியாகப் பதுளைக்கு ஏறவேண்டியவர்கள், சமநில இன்பத்துக்காகப் பின்அச்சின் விகிதத்தையே பெரிதும் தாழ்த்திவிடலாகாது. அவ்வாறு செய்தால் முதற்கியரும் வலுவிழக்கும். ஏற்றத்தில் நிறைசுமையோடு புறப்படும் ஒவ்வொரு முறையும் கிளச் தேயும். பின்அச்சை அளவோடு விட்டு, ஐந்தாம் கியரைக் கொண்டு வேகத்தைப் பெறுவதே இப்பகுதிக்கு உகந்தது. வலுமிக்க நிசான் இயந்திரத்தைப் பொருத்திவிட்டு 5.375 அச்சை அப்படியே விடுவோர், குதிரையை வாங்கிக் காலைக் கட்டியவராவர். விகிதம் மாறினால் வேகமானியும் பொய் சொல்லும் என்பதை மறத்தலாகாது.

கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்தில் மீன் பாடுவதைக் கேட்கத் தோணியிற் போவோர் உண்டு. கியர்ப்பெட்டி பாடுவதை மட்டும் எவரும் இரசிக்கலாகாது. குறித்த ஒரு கியரில் மட்டும் எழும் ஒலி அக்கியரின் பற்தேய்வைக் காட்டும். வண்டி நிற்கையில் எழுந்து, கிளச்சை மிதித்தவுடன் அடங்கும் ஒலி முன் தாங்கியினது. மையம் தவறிய இணைப்பின் முதல் முறைப்பாடு பெரும்பாலும் அதுவே.

வலு இரட்டித்த வண்டியை நிறுத்துவதற்கும் வழி வேண்டும். 803, 948 மைனர்களின் முன் தடுப்புகள் 7 அங்குல உருளைகள். 1098இல் 8 அங்குலமாயின. 7 அங்குலத் தடுப்போடு 68 குதிரைவலுவை ஓட்டுவது துணிவன்று, அறியாமை. பதிவுச் சான்றிதழில் இயந்திர இலக்கம் குறிக்கப்பட்டிருப்பதால், இயந்திரத்தை மாற்றியவர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ளவும் வேண்டும். இது வெறும் அலுவலகச் சடங்கன்று. காப்புறுதி கோரும் நாளில் அதன் அருமை தெரியவரும்.

கழற்றிய பழைய பெட்டியை இரும்புக்கு விற்பது இப்பகுதியில் வழக்கம். அதன் உறை அலுமினியக் கலப்பாலானது. உப்புக்காற்றில் உருக்கு ஆணியோடு சேர்ந்திருந்தால் அரித்துப்போகும். ஆணிகளைக் கழற்றி, எண்ணெய் பூசி, நிலத்தில் வைக்காது மரப்பெட்டியில் வைத்தால் பல்லாண்டு கெடாது. தளத்தையும் சட்டத்தையும் வெட்டாது செய்யப்பட்ட மாற்றமாயின், பின்னொருவர் விரும்பினால் அதனை எடுத்து மீண்டும் பூட்டிக்கொள்ளலாம்.