டைனோசர் கடி: இழை நீளம் போடும் கணக்கு

டைரனோசாரஸ் ரெக்ஸ் எவ்வளவு பலமாகக் கடித்திருக்கும்? 2012-இல் ஆய்வாளர்கள் கார்ல் பேட்ஸும் பீட்டர் ஃபால்கிங்ஹாமும் கணினி மாதிரி கொண்டு கணக்கிட்டு, பின்பல் ஒன்றில் 35,000 முதல் 57,000 நியூட்டன் வரை என்றார்கள். 2017-இல் பால் கிக்னாக்கும் கிரெகரி எரிக்சனும் போட்ட கணக்கில் உச்சமே 34,522 நியூட்டன்தான்; கீழ்வரம்பு 8,526. ஒரே விலங்குக்கு ஏன் இத்தனை வித்தியாசம்?

புதைபடிவத்தில் எலும்பு மிஞ்சும். தசை அநேகமாக மிஞ்சாது. மண்டையோட்டில் தசை பற்றியிருந்த தழும்புகளைப் பார்த்தும், டைனோசரின் உயிருள்ள உறவுகளான முதலையையும் பறவையையும் அறுத்துப் பார்த்தும், எந்தத் தசை எங்கே கிடந்தது என்று ஊகிக்கிறார்கள். அதன் கன அளவு அப்படித்தான் கிடைக்கிறது. அது மட்டும் போதாது. கயிற்றின் வலு நீளத்தில் இல்லை, எத்தனை புரி என்பதில் இருக்கிறது; தசையும் அப்படித்தான். கன அளவைத் தசை இழையின் நீளத்தால் வகுத்தால் குறுக்குப் பரப்பு வரும். அதைச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 30 நியூட்டன் என்று பெருக்கினால் இழுவிசை.

அரை கிலோ தசை என்று வையுங்கள். கன அளவு ஏறத்தாழ 470 கன சென்டிமீட்டர். இழை 5 செ.மீ. என்றால் பரப்பு 94 சதுர செ.மீ., விசை சுமார் 2,800 நியூட்டன். இழை 10 செ.மீ. என்றால் 1,400தான். சதை குறையவில்லை, விசை பாதியாகிவிட்டது. நீண்ட இழைக்கும் ஆதாயம் உண்டு: வாயை அகலத் திறக்கலாம், சட்டென்று கவ்வலாம். இழைகள் சாய்ந்திருந்தால் அதற்கும் கொஞ்சம் கழிக்க வேண்டும். பிறகு தாடை மூட்டுக்கும் பல்லுக்கும் உள்ள தூரம் நெம்புகோல் கணக்கில் சேரும்.

டைரனோசாரஸ் விவகாரத்திலும் இந்த இழை நீளமே முக்கியக் காரணம் என்று 2018-இல் பேட்ஸும் ஃபால்கிங்ஹாமும் வாதிட்டார்கள். கன அளவிலும் சர்ச்சை உண்டு. தசைக்கு உரியதென்று நம்பப்பட்ட மண்டையோட்டு உச்சிக் குழியில் இரத்தக் குழாய்களே இருந்திருக்கலாம் என்று 2020-இல் கேசி ஹாலிடே குழுவினர் சொன்னார்கள். அமெரிக்க முதலைகளை வெப்பக் கேமராவில் படம்பிடித்ததும் அவர்களுக்கு ஆதாரமானது.

அதனால் கடிவிசையை ஒற்றை எண்ணாகச் சொன்னால், இழைக்கு என்ன நீளம் வைத்தார்கள் என்று கேட்பதே முறை. எலும்பை நொறுக்கியதா என்பதற்கு மட்டும் இந்தக் கணக்கு வேண்டியதில்லை. கனடாவின் சஸ்காட்செவனில் கிடைத்து 1998-இல் விவரிக்கப்பட்ட 44 செ.மீ. நீளக் கல்லான மலம், டைரனோசாரஸுடையது என்றே கருதப்படுகிறது. அதற்குள் இன்னொரு டைனோசரின் எலும்புத் துண்டுகள் நிறைய இருந்தன.