திரையில் இருப்பது சரக்கா, பெயர்ப்பலகையா?

சென்ற மாதம் புறக்கோட்டையில் புடவை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நானா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, கணனியைத் திறந்தால் திரை முழுக்க படம் படமாகக் கிடக்குது. ஒரு பில்லைத் தேடி எடுக்க பத்து நிமிஷம் போகுது. பாவிக்காத புரோகிராம் எல்லாத்தையும் கழற்றச் சொல்றான் மகன். கழற்றினா பழைய கணக்கும் போயிடுமோ என்று பயமா இருக்கு" என்றார்.

"ஒன்றையும் கழற்ற வேண்டாம் நானா, நாளைக்கு லுஹருக்குப் பிறகு வருகிறேன்" என்றேன்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். திரையில் 94 ஐகன்கள் இருந்தன. ஆனால் அந்தக் கணனியிலிருந்து ஒரு புரோகிராமைக்கூட நீக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. நம்மில் பலரது கடைகளிலும் இதே நிலைமைதான். ஆகவே அன்று அவருக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

அம்புக்குறியைப் பாருங்கள்

டெஸ்க்டொப்பில் இருக்கும் ஐகன்கள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. சிலவற்றின் இடது பக்கக் கீழ் மூலையில் சிறிய வளைந்த அம்புக்குறி ஒன்று இருக்கும். அதற்கு ஷோர்ட்கட் என்று பெயர். கடை வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையைப் போன்றது அது. பலகையைக் கழற்றினால் களஞ்சியத்தில் உள்ள சரக்கு குறைந்துவிடாது. அதேபோல, கணக்கு மென்பொருளின் ஷோர்ட்கட்டை அழித்தாலும் மென்பொருளும் அதில் பதிந்த கணக்குகளும் அப்படியே இருக்கும். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டினால் புரோகிராம் வந்துவிடும்.

அம்புக்குறி இல்லாதவை பெரும்பாலும் சரக்கேதான். நீங்கள் டெஸ்க்டொப்பில் சேமித்த எக்செல் பட்டியல், ஸ்கேன் செய்த காசோலை, விலைமனு எல்லாம் இந்த வகை. இவற்றை அழித்தால் பொருளே போய்விடும். இன்ஸ்டோல் செய்யாமல் நேரடியாக ஓடும் சில சிறு புரோகிராம்களுக்கும் அம்புக்குறி இருக்காது. அவற்றையும் தொடாதீர்கள்.

சந்தேகம் வந்தால் ஐகனின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, புரொப்பர்டீஸ் என்பதைத் திறந்து பாருங்கள். ஷோர்ட்கட் என்ற தனிப் பகுதி அதில் இருந்தால் அது பெயர்ப்பலகைதான்.

நான் செய்த பிழை

இந்த வித்தியாசத்தை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன். 2016ஆம் ஆண்டு எனது கடைக் கணனியின் திரை நிரம்பிவிட்டது. "ஐகனை அழித்தால் ஒன்றும் ஆகாது" என்று எங்கோ கேட்டிருந்தேன். முழுவதையும் தெரிவு செய்து ஷிப்டையும் டிலீட்டையும் சேர்த்து அழுத்தினேன். அப்படி அழுத்தினால் எதுவும் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேரடியாக அழிந்துவிடும் என்பது அன்று எனக்குத் தெரியாது. புரோகிராம்கள் எல்லாம் மிஞ்சின. கடன் பாக்கிப் பட்டியல் மட்டும் போய்விட்டது. வேறு பிரதியும் எடுத்து வைத்திருக்கவில்லை.

மூன்று இரவுகள் பில் புத்தகங்களைப் புரட்டிப் பட்டியலைத் திரும்ப எழுதினேன். சில பில்களின் பிரதி கிடைக்கவில்லை. அந்தப் பாக்கிகளைக் கேட்க என்னிடம் ஆதாரம் இருக்கவில்லை. அதைவிட வேதனை, ஏற்கனவே பணம் கட்டி முடித்த ஒரு வாடிக்கையாளரிடம் மறுபடியும் கேட்டுவிட்டேன். அவர் ரசீதைக் காட்டியபோது வெட்கமாகிவிட்டது. போன பணத்தை உழைத்துக்கொள்ளலாம். அந்த மனிதரின் நம்பிக்கையைத் திரும்பப் பெற நீண்ட நாள் எடுத்தது.

ஒழுங்குபடுத்தும் முறை

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கீழ்க்காணும் முறையைப் பின்பற்றலாம்.

முதலாவது, எதையும் அழிக்கும் முன் டெஸ்க்டொப்பில் உள்ள எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் கொப்பி செய்துகொள்ளுங்கள். சில நிமிட வேலைதான். என்னிடம் அன்று இல்லாமல் போனது இந்தக் கொப்பிதான்.

இரண்டாவது, திரையின் வெற்றிடத்தில் வலது பொத்தானை அழுத்தி, சோர்ட் பை என்பதில் ஐட்டம் டைப் என்பதைத் தெரிவு செய்யுங்கள். ஒரே வகையான ஐகன்கள் ஓரிடத்தில் சேர்ந்துவிடும். ஷோர்ட்கட் எது, கோப்பு எது என்று பிரித்துப் பார்ப்பது இலகுவாகும்.

மூன்றாவது, "பாவிக்காதவை" என்ற பெயரில் ஒரு போல்டரைத் திறந்து, நாளாந்தம் தேவைப்படாத ஷோர்ட்கட்களை அதற்குள் இழுத்துப் போடுங்கள். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இந்த வேலைக்கென்றே ஒரு வசதி இருந்தது. 60 நாட்களாகப் பாவிக்காத ஷோர்ட்கட்களை அது தனி போல்டருக்கு மாற்றித் தரும். புரோகிராமைத் தொடாது. இன்றைய விண்டோஸில் அது இல்லாததால் நாமே கையால் செய்ய வேண்டும். இரண்டு மாதத்தில் ஒரு தடவையாவது தேவைப்படாதவற்றைப் பிறகு தயக்கமின்றி அழிக்கலாம்.

நான்காவது, தினமும் திறக்கும் மூன்று நான்கு புரோகிராம்களை டாஸ்க்பாரில் நிரந்தரமாக வையுங்கள். புரோகிராமைத் திறந்ததும் அதன் ஐகன் திரையின் கீழ் வரிசையில் தோன்றும். அதன் மேல் வலது பொத்தானை அழுத்தி, பின் டு டாஸ்க்பார் என்பதைத் தெரிவு செய்தால் போதும்.

ஐந்தாவது, கோப்புகள். டொகியூமென்ட்ஸ் போல்டருக்குள் "விற்பனை", "கொள்வனவு", "வங்கி", "கடன் பாக்கி" என்று நான்கு போல்டர்கள் பெரும்பாலான கடைகளுக்குப் போதும். நமது நாட்டில் வருமான வரிக்கான மதிப்பாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என்பதால், ஒவ்வொன்றுக்குள்ளும் அந்தக் கணக்கில் வருடவாரியாகப் பிரித்து வைத்தால் கணக்காளர் கேட்கும்போது தேடி அலைய வேண்டியதில்லை. கோப்பின் பெயரை 2025-03-14 என்று வருடம், மாதம், நாள் வரிசையில் தொடங்குங்கள். பெயர்வாரியாக அடுக்கும்போது அவை தானாகவே காலவரிசையில் நிற்கும்.

கவனிக்க வேண்டியவை

சில கணக்கு மென்பொருள்கள் தமது தரவுகளை டெஸ்க்டொப்பில் உள்ள ஒரு போல்டரிலேயே வைத்திருக்கக்கூடும். அந்த போல்டரை இடம் மாற்றினால் மென்பொருள் கணக்கைக் கண்டுபிடிக்காமல் திணறும். உங்களுக்கு விளங்காத போல்டர் இருந்தால், மென்பொருளை அமைத்துத் தந்தவரிடம் கேட்காமல் நகர்த்தாதீர்கள்.

டெஸ்க்டொப் என்பதும் சாதாரணமாக சி டிரைவில் இருக்கும் ஒரு போல்டர்தான். கணனி பழுதாகி, திருத்துபவர் சி டிரைவை போர்மட் செய்து விண்டோஸை மீண்டும் போட்டால் டெஸ்க்டொப்பில் உள்ளவையும் அழிந்துவிடும். டொகியூமென்ட்ஸ் போல்டருக்கும் இது பொருந்தும். ஆகவே ஒழுங்குபடுத்திய பிறகும் கணனிக்கு வெளியே ஒரு பிரதி இருக்க வேண்டும்.

ஷோர்ட்கட்களை அகற்றினால் கணனியில் இடம் மிச்சமாகும் என்றும் எண்ண வேண்டாம். ஒரு ஷோர்ட்கட் சில கிலோபைட் அளவுதான். இதில் நமக்குக் கிடைக்கும் இலாபம், தேடும் நேரம் குறைவதும் தவறுதலாக அழிக்கும் ஆபத்து குறைவதும்தான்.

நானாவின் கடையில் வேலை முடிய ஒரு மணித்தியாலம் சென்றது. 94 ஐகன்களில் 61 ஷோர்ட்கட்கள். மீதியில் பெரும்பகுதி பில்களும் பட்டியல்களும். "கடன் பாக்கி" என்று தொடங்கி வாடிக்கையாளர் பெயரோடு ஐந்து கோப்புகள் திரையின் நடுவிலேயே இருந்தன. கல்லாவுக்கு முன்னால் நிற்கும் யாரும் அவற்றை வாசிக்கலாம். அதைக் காட்டியதும் நானா சற்று நேரம் பேசவில்லை. "மற்றவங்கட கடனை ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கேனே தம்பி" என்றார்.

இப்போது அவரது திரையில் ஆறு ஐகன்கள் மட்டுமே உள்ளன. ஒரு புரோகிராமும் கழற்றப்படவில்லை. சனிக்கிழமைகளில் கடை மூடுமுன் பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த வாரம் திரையில் சேர்ந்த கோப்புகளை உரிய போல்டரில் போட்டு, பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுக்கும் பொறுப்பை மகனிடம் கொடுத்திருக்கிறார். கல்லாவை எண்ணிப் பூட்டுவதைப் போல இதையும் ஒரு வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.