காய்கறிக் கத்தி எப்போது ஆயுதமாகிறது?

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவரின் கையில் பாராங் இருந்தால் அது தொழில் கருவி. அதே பாராங் நள்ளிரவில் ஓர் இளைஞரின் கார் இருக்கைக்கு அடியில் கிடந்தால்? பொருள் மாறவில்லை, சட்டத்தின் பார்வை மாறிவிடுகிறது.

மலேசியாவில் இதற்கென 1958ஆம் ஆண்டின் அரிக்கும் பொருள், வெடிபொருள், அபாயகர ஆயுதச் சட்டம் உள்ளது. தாக்கப் பயன்படுத்தினால் காயம் விளைவிக்கக்கூடிய எந்தக் கருவியும் ஆயுதமே என்கிறது அது. கத்தியின் நீளத்தை இந்த விளக்கம் அளப்பதில்லை. ஆகவே திருப்புளி, இரும்புக் குழாய், பேஸ்பால் மட்டை, காரின் ஸ்டீரிங் பூட்டு ஆகியவையும் இதில் அடங்கலாம்.

சட்டபூர்வ அதிகாரமோ நோக்கமோ இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது 6ஆவது பிரிவின்படி குற்றம். கையில் ஏந்தியிருக்க வேண்டும் என்பதில்லை. பையிலோ வண்டியிலோ தம் கட்டுப்பாட்டில் இருந்தாலே போதும். யாரையும் தாக்கியிருக்க வேண்டியதும் இல்லை. தண்டனை 5 முதல் 10 ஆண்டு வரை சிறை; பிரம்படியும் விதிக்கப்படலாம். அந்தப் பொருளால் ஒருவரைக் காயப்படுத்தினால் தண்டனைச் சட்டத்தின் 324ஆவது பிரிவும் பாயும்.

அதனால் நேரம், இடம், காரணம் மூன்றும் முக்கியம். கோயில் அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்கக் கத்தி கொண்டு போகிறவருக்குச் சொல்லக் காரணம் இருக்கிறது. "சும்மா வைத்திருந்தேன்" என்பது காரணமாகாது.

வேலை முடிந்ததும் கருவியை வீட்டில் இறக்கி வைத்துவிடுவதே நல்லது. பிள்ளைகளின் வண்டியையும் பெற்றோர் அவ்வப்போது பார்த்துவிடட்டும். நண்பன் விட்டுச் சென்ற கத்திக்கும் வண்டியோட்டியவர் பதில் சொல்ல நேரலாம்.